கோரஸைத் திருகி வைத்துவிட்டு அதைப் போஸ்ட்-பங்க் என்காதீர்கள்

இரண்டு நாளாக எல்லாரும் பகிர்கிற அந்தக் கிட்டார் பாட வீடியோவை நானும் பார்த்தேன். கோரஸ் (ஒலியை இரட்டித்து அசைக்கும் எஃபெக்ட்) முழுசு, ரிவர்ப் (ஒலி அறையில் எதிரொலித்து நீள்கிற எஃபெக்ட்) முழுசு, "இதுதான் போஸ்ட்-பங்க் சவுண்ட்" என்று முடிக்கிறார்கள். போஸ்ட்-பங்க் என்றால் பங்க் ராக்குக்குப் பின்னால், எழுபதுகளின் கடைசியில் கிளம்பிய ராக். இல்லைங்க, அது இல்லை.

ஆன்டி கில்லைக் கேளுங்கள். கேங் ஆஃப் ஃபோர் இசைக்குழுவின் 1979 ஆல்பத்தில் அவர் கிட்டார் காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி இருக்கும். வால்வ் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) வேண்டாம் என்று டிரான்சிஸ்டர் ஆம்பில் வாசித்தவர். ஒரு வெட்டு, உடனே கம்பியை அடக்கிவிடுவார். அந்த நிசப்தமும் தாளத்தில் சேர்த்தி. ரிவர்ப் போட்டால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும்.

"சூசி அண்ட் த பேன்ஷீஸில் எஃபெக்ட் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்கியோக்கின் அடையாளம் எம்எக்ஸ்ஆர் கம்பெனியின் ஃப்ளாஞ்சர் பெடல். கோரஸும் ஃப்ளாஞ்சரும் ஒன்றுதான் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டுமே ஒலியின் நகலைச் சற்றுத் தாமதித்துச் சேர்ப்பவை; ஃப்ளாஞ்சரில் தாமதம் சில மில்லிசெகண்ட்தான். அது மூல ஒலியோடு கலக்கும்போது சீப்புப் பல் மாதிரி வெட்டு விழும். வெளிவந்ததைத் திரும்ப உள்ளே விட்டால் வெட்டு கூர்மையாகும். கோரஸில் தாமதம் கூடுதல், கேட்பது சுருதியின் அசைவு.

செய்து பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப் (கம்பி முடிகிற பக்கம் ஒலியைப் பிடிப்பது), ட்ரெபிள் கொஞ்சம் தூக்கல். ஒரு சுற்றுக்கு 6 முதல் 8 நொடி ஆகும்படி ஸ்பீட். ரீஜென் (ஒலியைத் திரும்ப உள்ளே விடும் குமிழ்) பாதிக்குச் சற்றுக் கீழே; மேலே போனால் விமானச் சத்தம்தான் மிஞ்சும். ஃப்ளாஞ்சருக்கு முன்னால் லேசான ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்). மேல்ஸ்வரங்கள் இருந்தால்தான் அது வெட்ட ஏதாவது கிடைக்கும். கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்பில் டோனையும் குறைத்தால் எதுவுமே கேட்காது. ஒன்றிரண்டு கம்பியைத் திறந்தே விட்டு, மற்றதில் விரலை நகர்த்துங்கள்.

"ஜாய் டிவிஷனில் கோரஸ் உண்டே?" உண்டு, அந்தக் குழுவின் பீட்டர் ஹூக்கின் பாஸ் கிட்டாரில். க்ளோன் தியரி என்கிற கோரஸ் பெடல் வழியாக, கழுத்தின் மேல்பகுதியில் மெட்டையே வாசிப்பார். அதன் மேல் கிட்டாரிலும் கோரஸின் டெப்த்தை (அசைவின் அளவை) முழுசாக வைத்தால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஆடி, சுருதி சேராது.

கோரஸுக்குச் சாட்சியாக ரோலண்ட் ஜேசி-120 ஆம்பைச் சொல்பவர்களை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் கோரஸில் ஒரு ஸ்பீக்கரில் சுத்த ஒலி, மற்றதில் அசையும் ஒலி. இரண்டும் காற்றில்தான் கலக்கும். ஒரே ஸ்பீக்கரில் அந்த விரிவு வராது.

"அவரவர் ரசனை" என்று ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள். உங்கள் ரசனைக்கு என்ன வேண்டுமானாலும் வாசியுங்கள். மெக்கியோக் 2004லும் கில் 2020லும் போய்விட்டார்கள். அவர்கள் படத்தைப் போட்டு, அவர்கள் வாசிக்காத ஒலியை அவர்கள் பெயரில் சொல்லித்தருவதுதான் எனக்கு வலிக்கிறது.