கொடுக்கிற கம்பெனி எல்லாம் நல்ல கம்பெனியா?

ஒரு கம்பெனி பள்ளிக்கூடத்துக்கு நாலு வகுப்பறை கட்டிக் கொடுத்துவிட்டால் போதும், "தங்கமான கம்பெனி, நம்பிப் பங்கு வாங்கலாம்" என்று ஆந்திராவில் எங்கள் சத்தியவேடு பக்கம் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தர்மத்தை வைத்து நிர்வாகத்தை எடை போடக் கூடாது.

சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனியின் கணக்கு மோசடி நடந்த தெலுங்கு மண்ணில் இருந்துகொண்டே அதை மறந்துவிட்டோம். 2005-ல் ஹைதராபாத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியவர் சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு. 2008-ல் சிறந்த நிர்வாகத்துக்கு என்று சத்யத்துக்கு விருதும் கொடுத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் ராஜு குடும்பத்தின் மேடாஸ் கட்டுமானக் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யத்தின் இயக்குநர் போர்டு தலையாட்டியது. பெரிய பெரிய பேராசிரியர்கள், நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர்களாக உட்கார்ந்திருந்த போர்டு அது! முதலீட்டாளர்கள் கொதித்த பிறகுதான் பின்வாங்கினார்கள். 2009 ஜனவரி 7-ல் ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை வெறும் பொய், அப்படி ஒரு பணமே இல்லை. 108 இன்றும் ஓடுகிறது, உயிர்களைக் காப்பாற்றுகிறது. அந்த நன்மை பொய்யில்லை. ஆனால் போர்டில் கேள்வி கேட்க ஆளில்லை என்பதை அது மறைத்துவிட்டது.

சரி, நிறையக் கொடுக்கிற கம்பெனிகள்தானே நன்றாகச் சம்பாதிக்கின்றன என்று கேட்பார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவைப் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். லாபத்தைப் பார்த்துத்தான் தொகையே முடிவாகிறது. அப்புறம் கொடுத்ததால்தான் லாபம் வந்தது என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு பள்ளியில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் வைத்தார்கள். கம்பெனி பெயர் போட்ட நீலப் பலகை இன்னும் பளபளவென்று இருக்கிறது. உப்பை வடிகட்டும் மெம்பரேன் அடைத்துப்போய், குழாயில் உப்பு பூத்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் அந்தப் பணம் செலவாகிவிட்டது, கணக்கு முடிந்துவிட்டது. பலன் கிடைத்ததா என்று வெளியாளை வைத்து மதிப்பிடச் சொல்லும் விதி, ஒரு கோடிக்குக் குறைந்த திட்டங்களுக்குக் கிடையாது. கிராமத்துக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சின்னத் திட்டங்கள்தான். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பங்கு வாங்குகிறவர்கள் ஆண்டறிக்கையில் பிள்ளைகள் சிரிக்கிற படங்களைத் தள்ளிவிட்டு, சொந்தக்காரர் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கலை முதலில் படியுங்கள். சமூகப் பணிப் பணம் யாருடைய அறக்கட்டளைக்குப் போகிறது என்றும் பாருங்கள்.

ஊர்க்காரர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. இனி யார் எதைக் கட்டிக் கொடுத்தாலும், ஐந்து வருடப் பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிய பிறகுதான் பஞ்சாயத்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைக் கேட்கப் போகிறேன். வரதய்யபாளையம், நாகலாபுரம் பக்கத்து நண்பர்களே, உங்கள் ஊரிலும் கேளுங்கள்.