அந்த ஏணிப் படத்துக்குச் சிரித்தவர்களுக்கு

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். நான்கு நாளாக நம் வட்டத்தில் சுற்றுகிற அந்தப் படம்தான். ஓர் ஆளை ஏணியோடு சேர்த்துக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே "மருத்துவத்தின் தந்தை பார்த்த வைத்தியம்" என்று ஒரு நக்கல் வரி. முந்நூறு சிரிப்பைத் தாண்டிவிட்டது. சரி, சிரியுங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரிக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

கூன் விழுந்தவர்களை ஏணியில் கட்டிக் கயிற்றால் மேலே இழுத்துத் தொப்பென்று கீழே விடுகிற வழக்கம் கிரேக்கத்தில் இருந்தது உண்மை. மருத்துவத்தின் தந்தை எனப்படும் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் 'மூட்டுகள்' நூலில் ஏணிக்கு மெத்தை கட்டுவதுவரை எழுதியிருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மட்டும் யாரும் படமெடுத்துப் போடவில்லை. அவரே சொல்கிறார்: இதைச் செய்கிற வைத்தியர்கள் கூட்டத்தை வாய்பிளக்க வைக்கத்தான் செய்கிறார்கள். ஆள் தொங்கினால் கூட்டத்துக்குக் குஷி, அப்புறம் அவனுக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து இதைக் கையாண்டவர்கள் எல்லாரும் முட்டாள்கள். எனக்கு இதைச் செய்ய வெட்கமாக இருந்தது. ஏறத்தாழ இப்படித்தான் அவர் எழுதுகிறார், கி.மு. 400ஐ ஒட்டி.

ஆக, உங்களுக்கு முன்னாலேயே ஏணியைக் கேலி செய்தவர் அவர். அவரைக் கேலி செய்யத்தான் நீங்கள் அதே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கூட்டம் பார்க்க ஆளைத் தொங்கவிடுவது! 2400 வருடத்தில் கூட்டம் மட்டும் மாறவில்லை.

"அப்படியென்றால் செய்முறையை எதற்கு எழுதினார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. செய்துதான் ஆவேன் என்பவன் ஒழுங்காகச் செய்யட்டும் என்று எழுதினார். முதன்முதலில் ஏணியை யோசித்தவனைப் பாராட்டவும் செய்கிறார். எதிராளிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத் திட்டுவது என்று ஒன்று உண்டு. நமக்குப் பழக்கமில்லை, அதனால் புரியவில்லை.

"அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்களே?" ஆமாம், சுட்டார்கள். தோள் திரும்பத் திரும்ப நழுவுகிறவர்களுக்கு. மயக்க மருந்து இல்லாத காலம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலே போவோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு என் தோள் கதை பாதி தெரியும். மழையில் வண்டி சறுக்கி வலது தோள் இறங்கியபோது முதலில் போன இடத்தில் எலும்பை ஏற்றவே இல்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை மாலை மாதிரி ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கட்டைப் பார்த்து அசந்துபோனார்கள். எனக்கும் பெருமைதான், இரண்டு நாள். மூக்கு உடைந்தவர்களுக்கு அலங்காரக் கட்டுப் போடுகிற வைத்தியர்களையும் அதே நூல் ஒரு பிடி பிடிக்கிறது: ஒன்றிரண்டு நாள் வைத்தியருக்கும் சந்தோஷம், நோயாளிக்கும் சந்தோஷம், அப்புறம் அவன் சலித்துப்போவான் என்று. மிருதுவான விரல்களால், ஒரு பையனோ பெண்ணோ, மூக்கை நேராகப் பிடித்திருப்பதே மேல் என்கிறார். பல வருடம் கழித்து இதைப் படித்தபோது யாரோ என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

மூன்றாம் நாள் போன இடத்தில் வயதான டாக்டர் ஒருவர். ஊசி போட்டார், தரையில் பாயை விரிக்கச் சொன்னார், செருப்பைக் கழற்றினார். என் பக்கத்தில் உட்கார்ந்து தன் வலது குதிகாலை என் வலது அக்குளில் வைத்துக் கையைப் பிடித்து நிதானமாக இழுத்தார். கூட வந்த நண்பனைக் கூப்பிட்டு, நான் இழுபடாமல் இருக்க இடது தோளை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த நூலில் இது அப்படியே இருக்கிறது. வலது தோளுக்கு வலது குதிகால், இன்னொரு தோளைப் பிடிக்க ஓர் ஆள், அக்குள் குழியில் வைக்கத் தோலில் தைத்த பந்து. என் அக்குளில் பந்து வைக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

"மேல்நாட்டு மோகம், நம்மூர் கட்டு வைத்தியம் கண்ணில் படவில்லையா?" என்று வருவார்கள். படுகிறது ஐயா. நம்மூரில் எலும்பு கட்டுகிறவர் அந்த நூலைப் பார்த்தால் சிரிக்கமாட்டார், உட்கார்ந்து படிப்பார். சிரிப்பது எலும்பையே தொட்டுப் பார்க்காதவர்கள்தான்.

இன்னொன்று. கூனை நிமிர்த்த அவர் ஒரு வழி யோசித்தார். ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து இழுத்து, முதுகுக்கடியில் காற்றில்லாத தோல்பையை வைத்துத் துருத்தியால் ஊதினார். நன்றாக இழுத்தால் பை அமுங்கிப்போனது. இழுப்பைக் குறைத்து ஊதினால், வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் முதுகு முழுவதும் வளைந்தது. தோற்றுப்போனேன் என்று எழுதிவைத்தார், ஏன் தோற்றது என்று பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. தோள் முன்பக்கமாக விலகி நான் பார்த்ததில்லை, மெலிந்த ஆளின் தோள் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான் என்று சொன்னதற்கு வைத்தியர்களிடமும் ஊராரிடமும் கெட்ட பெயர் வாங்கியதையும் எழுதியிருக்கிறார். (முன்பக்கமாகவும் விலகும். அதில் அவர் சொன்னது தப்பு. எனக்கும் தெரியும், எழுதிவிடாதீர்கள்.) நம்மில் யார் கடைசியாக "நான் செய்தது பலிக்கவில்லை" என்று இங்கே எழுதினோம்? நானும் எழுதியதில்லை.

முந்நூறு பேர் சிரித்ததுகூடப் பரவாயில்லை. பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அன்றைக்குப் பாயில் உட்கார்ந்து என் இடது தோளைப் பிடித்திருந்தவனும் அதில் இருக்கிறான். போன் செய்து கேட்கலாம். கேட்கமாட்டேன். இந்தப் பதிவுக்கும் வந்து சிரிக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.