ஆவாரைக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது பாதி உண்மை

“ஆவாரை வறட்சிச் செடி, எந்த மண்ணிலும் நடலாம், நட்ட நாள் முதல் தண்ணீரே ஊற்ற வேண்டாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காவிரி டெல்டாவில் இதை நம்பி நட்டால் செடி போய்விடும்.

வறட்சி தாங்குவது வேர் ஆழமாக இறங்கிய செடிதான். கன்றுக்கு முதல் கோடை முழுவதும் வாரம் இரண்டு முறையாவது தண்ணீர் வேண்டும். அதைவிட முக்கியம், இங்கே அதைக் கொல்வது வெயில் அல்ல, தேங்கும் நீர். தஞ்சாவூர் அருகே வல்லத்துச் செம்மண் மேட்டில் ஆவாரை தானாகவே செழிக்கும். எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக் களிமண் அப்படியா? கிணற்றடியில் நான் நட்ட கன்று ஐப்பசி அடைமழையில் நான்கே நாளில் இலை மஞ்சளித்துச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்துக் குழைந்திருந்தது. அதே வாரம் நட்ட இன்னொன்று, முழங்கால் உயர மண்மேட்டில் ஆற்று மணல் கலந்து வைத்தது, இன்று கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கிறது. காலையில் கருவண்டுகள் அந்தப் பூக்களை உலுக்கி மகரந்தம் எடுப்பதைப் பார்க்க வேண்டும்!

விதையின் தோல் கடினம். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, நேராகத் தரையிலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் இடம் மாற்றுவதை எளிதில் பொறுக்காது.