லாஹௌல்-ஸ்பிதி: பாதி உண்மை, பாதி கதை

"இந்தியாவிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் லாஹௌல்-ஸ்பிதி. தலைநகரம் காஸா. வருடத்தில் ஆறு மாதம் உள்ளே போகவே முடியாது." பனிமலைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் இது.

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 31,564 பேர். இமாச்சலப் பிரதேசத்துக்குள் இதுதான் குறைவு, சரி. ஆனால் நாட்டளவில் அருணாச்சலத்தின் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்தில் வெறும் 8,004 பேர்தான். லாஹௌல்-ஸ்பிதியின் பரப்பு சுமார் 13,800 சதுர கிலோமீட்டர், இமாச்சலத்தில் கால்வாசி. அந்த வெறிச்சோடிய படங்கள் பொய்யில்லை.

லாஹௌல், ஸ்பிதி என்ற இரு பகுதிகள் சேர்ந்ததுதான் இந்த மாவட்டம். தலைநகரம் லாஹௌல் பகுதியிலுள்ள கேலாங். காஸா ஸ்பிதியின் முக்கிய ஊர். அங்கே கூடுதல் துணை ஆணையர் என்ற நிர்வாக அதிகாரி தனியாக இருப்பதால் குழப்பம் வந்திருக்கலாம். அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் லாஹௌலையும் ஸ்பிதியையும் இணைக்கும் குன்ஸும் கணவாய். 4,500 மீட்டருக்கு மேலே, குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிவிடும். அப்போது காஸாக்காரர் தன் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் கின்னௌர், சிம்லா, மண்டி, மணாலி என்று மாநிலத்தையே சுற்றிவர வேண்டும்!

மூன்றாவது கூற்று பழைய செய்தி. மணாலிக்கும் லாஹௌலுக்கும் இடையிலுள்ள ரோத்தாங் கணவாயை நம்பியிருந்த காலத்தில் லாஹௌல் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டது உண்மை. 2020 அக்டோபரில் சுமார் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, மணாலியிலிருந்து குளிர்காலத்திலும் போகலாம். கடும் பனிப்பொழிவில் சில நாள் தடைபடும், அவ்வளவுதான். ஸ்பிதிக்கும் கின்னௌர் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும்.