வாட்டிலை வெட்டினால் பட்டாம்பூச்சி அழியுமா?

கொடைக்கானல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல்: "வாட்டில் மரத்தை வெட்டிப் புல்வெளி ஆக்குகிறார்கள். தேனீ, பட்டாம்பூச்சி எல்லாம் அழியும். வெறும் புல்லில் என்ன வாழும்?" இது தவறு.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டிலின் மஞ்சள் பூவில் தேனீக்கு மகரந்தம் கிடைக்கும், சரி. ஆனால் அடர்ந்த வாட்டில் நிழலில் புல் தலையெடுக்காது.

புல்லில் என்ன வாழும்? இந்த மலையின் பெயரையே சுமக்கும் பழனி ஃபோர்ரிங் பட்டாம்பூச்சியைப் பாருங்கள். பழுப்புச் சிறகு, அதில் மஞ்சள் விளிம்பிட்ட கண்கள். இந்த இனத்துப் புழுக்கள் தின்பதே புல்லைத்தான். மரமாக நட்டால் பட்டினிதான். அப்புறம், 2018இல் பூத்த நீலக்குறிஞ்சியும் புல்வெளிச் செடிதானே! அதில் மொய்த்தவை நம் ஊர்ப் பொந்துத் தேனீக்கள்.

ஒன்று மட்டும் உண்மை: வெட்டிவிட்டு அப்படியே போட்டால் மண்ணில் கிடக்கும் வாட்டில் விதை மறுபடி முளைத்துவிடும்.