பெயரில்லாத ஓடையும் ஆறுதான்

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் வான் பாயப் போகுது என்றால் அதுக்குக் கீழே இருக்கிற எங்கட தம்பலகாமம் முழுக்க ஒரு நொடியில் தெரிந்துவிடும். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தப் பயம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது. ஆனால் சில வருசத்துக்கு முந்தின ஒரு மாரியில் எங்கட வளவுக்குள் இடுப்பளவு தண்ணி ஏறியது கந்தளாயால் வந்த வினையில்லை. வீட்டுக்குப் பின்னால் போகிற, பெயர்கூட வைக்காத ஓடை செய்தது.

அந்த ஓடை போய்ச் சேருவது பாலம்போட்டாறு. கண்டி வீதியால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பத்தினி அம்மன் கோவில் உள்ள ஊர், அவ்வளவுதான். இலங்கையின் 103 ஆற்று வடிநிலங்களின் பட்டியலில் அதுவும் தனி ஆறாக நிற்கிறது. காட்டு மேட்டில் விழுகிற மழையைச் சின்னச் சின்ன ஓடைகளால் பொறுக்கித் தம்பலகாமக் குடாவில் சேர்க்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவுக்கு வருகிறது. மலைநாட்டு மழை இங்கே வந்துசேருமுன் சாமான் சக்கட்டை ஏற்ற நேரம் கிடைக்கும். சின்ன ஆறு அந்த நேரத்தைத் தராது. மத்தியானம் மேட்டில் பெய்தது பொழுதுபட மதகடியில் நிற்கும்.

கச்சான் காற்று வீசுகிற வறண்ட காலத்தில் அந்த ஓடைக்குள்ளால் மேலே நடந்து போயிருக்கிறேன். வெறும் மணல். ஒரு முழம் தோண்டினால் ஊற்று கசியும், சுற்றிவர மாட்டுக் குளம்படியும் மயில் காலடியும். போகப் போக ஓடை இரண்டாகும், அதில் ஒன்று திரும்பவும் இரண்டாகும். கடைசியில் மருதமரங்கள் வரிசையாக நிற்பதை வைத்துத்தான் இதுவும் தண்ணி வரும் வழி என்று பிடிக்கலாம். கிரவல் அள்ளுகிறவர்களும் காணி அடைக்கிறவர்களும் முதலில் மூடுவது இந்த நுனிகளைத்தான்.

எங்கட ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டபோது பழைய மதகை உடைத்துவிட்டு ஒரேயொரு குழாய் வைத்தார்கள். முன்பு வயல் தண்ணியைப் பார்க்கிற வட்டவிதானையாக இருந்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேலை நடக்கும்போதே சொன்னார்: "தம்பி, இது ஆடிக்குக் காணும். கார்த்திகைக்குக் காணாது." ஒருவரும் காதில் போடவில்லை. கார்த்திகையில் வாழைக்குற்றியும் பிளாஸ்ரிக் போத்தலும் குழாய் வாயை அடைக்க, ஒழுங்கையே குளக்கட்டாகிவிட்டது. பெரியப்பாவின் சிறுபோக நெல் மூட்டையோடு ஊறி முளைத்தது. சாக்கைக் கிழித்தபோது வெள்ளை வெள்ளையாக முளை. அந்தப் புளிச்ச மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

மதகின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டியது ஒழுங்கையின் அகலம் இல்லை, அதற்கு மேலே எவ்வளவு நிலத்து மழை அந்த இடத்துக்கு இறங்குகிறது என்பது. அதை அளக்காமல் வீதிக்கோ காணிக்கோ அனுமதி கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. கீழே தம்பலகாமக் குடா இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்காகக் குத்தகைக்கு விட்ட களப்பு அது. மேட்டை வெட்டினால் அந்த மண்ணும் அங்கேதான் போய்ப் படியும்.

வருகிற புரட்டாதியில், மழைக்கு முந்தி, இந்த ஓடைகளை நுனிவரை நடந்து ஒரு படம் கீற யோசித்திருக்கிறேன். பெரியப்பா வருகிறார். ஓடைகளின் பழைய பெயர் தெரிந்த ஆட்கள் உங்கட வீட்டில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.