அம்மனை வலம், பங்கை இடம்

பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று காரின் நெற்றியிலேயே எழுதி ஒட்டினால் இந்தக் கம்பெனிகளுக்கு என்ன குடி முழுகிவிடும்? கண்ணாடியை மடக்க ஒரு பொத்தான், இருக்கையைச் சூடாக்க ஒரு பொத்தான். சென்னையில் இருக்கையைச் சூடாக்கி என்ன செய்வது, அப்பளம் பொரிப்பதா? ஆனால் மாதம் நான்கு முறை தேவைப்படுகிற ஒரே விவரத்தைப் புதையல் போல ஒளித்து வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. என் வண்டி பணிமனையில் கிடந்ததால் மைத்துனரின் காரை வாங்கிக்கொண்டு அம்மாவைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். தரிசனம் அருமை. திரும்பும்போது பார்த்தால் பெட்ரோல் முள் சிவப்புக்கும் கீழே படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இப்படித்தான் இரவல் கொடுப்பார் எங்கள் மைத்துனர். அதைப் பிறகு பேசுகிறேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ரயில் பெட்டிகளாகக் கோத்துக்கொண்டு நிற்க, உள்ளே திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, தண்டையார்பேட்டையில் ஒரு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தேன். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அங்கே எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து நிமிடம் ஊர்ந்து, பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில், பம்ப் என் இடப்பக்கம் வரும்படி அழகாக நிறுத்தினேன்.

குழாயை எடுத்துக்கொண்டு வந்த பையன் காரின் பின்புறத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் காரைப் பார்த்தான்.

"மூடி அந்தப் பக்கம் சார்."

"குழாய் எட்டாதா தம்பி?"

"எட்டாது சார்."

இரண்டு பிள்ளைகள் கயிறாட்டம் ஆடுகிற அளவுக்கு நீளமான குழாய் அது. எட்டாதாம். சரி, சுற்றி வந்து பம்புக்கு மறுபுறம் நின்றால் தீர்ந்தது என்று நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். பைக்குகளுக்கு நடுவே ஒலிப்பானை அமுக்கி, ஒரு ஆட்டோக்காரரிடம் என் பிறப்பைப் பற்றிய சில தகவல்களைக் கேட்டுக்கொண்டு, பம்பைச் சுற்றி மறுபுறம் வந்து நின்றேன். பம்ப் இப்போதும் என் இடப்பக்கமே இருந்தது. மூடி இப்போதும் அந்தப் பக்கம். பையன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பின்னிருக்கையிலிருந்து அம்மா சொன்னார்: "கோயிலில் அவ்வளவு ஒழுங்காக வலம் வந்தாயே, இங்கே ஏனப்பா இடமாகச் சுற்றுகிறாய்? ஆகாது."

அந்த நிமிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அம்மா சொன்னது வேதவாக்கு. வலம் வந்தால் சாமி எப்போதும் நம் வலக்கைப் பக்கம். இடமாகச் சுற்றினால் எத்தனை சுற்று சுற்றினாலும் அது இடக்கைப் பக்கம்தான். பம்பை நூற்றெட்டு முறை சுற்றியிருந்தாலும் எனக்கு ஒரு சொட்டு கிடைத்திருக்காது.

பைக் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள், தொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறார்கள். மகராசர்கள்.

மூன்றாவது முறை வரிசையின் வாலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு கார்கள். மைத்துனருக்குத் தொலைபேசினேன். "முள்ளுக்குப் பக்கத்தில் பங்க் படம் இருக்கும் மாமா, அதில் குழாய் எந்தப் பக்கமோ மூடியும் அந்தப் பக்கம்தான்" என்றார், என்னவோ அவரே வரைந்த படம் போல. சுத்தப் பொய். என் வண்டியின் படத்தில் குழாய் வலப்பக்கம், மூடி இடப்பக்கம். பார்க்க வேண்டியது படத்தை அல்ல, படத்தின் ஓரத்தில் இருக்கிற முக்கோணத்தை. அதன் முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அங்கேதான் மூடி. இதையும் அந்தப் பையன்தான் சொன்னான். கடுகளவு முக்கோணம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், ஃபோர்டு நிறுவனத்தின் பொறியாளர் ஜிம் மொய்லன் என்பவர் மழையில் நனைந்துகொண்டு பெட்ரோல் போட்டபோது என்னைப் போலவே பக்கம் மாறி நின்றிருக்கிறார். 1986இல் உட்கார்ந்து மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார், அந்த முக்கோண அம்பு பிறந்தது. அதே நிறுவனம் மறைமலைநகரில் ஆலை வைத்துப் பல ஆண்டுகள் கார் செய்தது. அந்த ஞானம் தெற்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது, பேசின் பாலத்தைத் தாண்டி எங்கள் வடசென்னைக்கு வரவில்லை. எங்களுக்கு வந்தது புகை. 1969 முதல் மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள், கொருக்குப்பேட்டையைச் சுற்றி ராட்சதத் தொட்டிகள் நிற்கின்றன, காற்று திரும்பினால் எங்கள் ரசத்திலேயே அந்த வாசனை வரும். ஊருக்கே பெட்ரோல் அனுப்புகிற ஊரில் பிறந்தவனுக்கு அதை ஊற்றுகிற ஓட்டை எங்கே என்று தெரியவில்லை.

கம்பெனிகளுக்குள் ஓர் ஒற்றுமை வேண்டாமா? ஜப்பான், கொரியா வண்டிகளுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம், ஜெர்மன் வண்டிகளுக்குப் பெரும்பாலும் வலப்பக்கம். மைத்துனருடையது ஜெர்மன்.

ஒருவழியாக முறை வந்தது. பம்ப் வலப்பக்கம், மூடி வலப்பக்கம். வெற்றிக் களிப்பில் கீழே இருந்த நெம்பியை இழுத்தேன். முன்னால் பானெட் திறந்துகொண்டது.

"ஆயில் பார்க்க வேண்டுமா சார்?" என்றான் பையன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. நான் இறங்கிப் போய் மூடியைக் கையால் அழுத்தினேன், திறந்தது. "ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்போனவன் பாதியில் நிறுத்திக் கேட்டான்:

"பெட்ரோலா, டீசலா?"

மறுபடியும் மைத்துனருக்குத் தொலைபேசினேன். அவர் எடுக்கவில்லை. ஏன் எடுப்பார்? இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன ஏணியைக் கேட்கத்தான் அழைக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒன்பதடி ஏணி. நல்ல அலுமினியம்.